பட்டறையில் பிறந்த வால்வு

முதலில் கண்டது என் மனைவி. ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் திண்ணையில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். காபி டம்ளரை வைத்தவள் நகராமல் நின்றாள். "ஏனுங்க, எதுக்குத் தலைய ஆட்டிக்கிட்டே படிக்கிறீங்க?" என்றாள். நான் ஆட்டவில்லை. எழுந்துபோய்க் கண்ணாடி முன் நின்றேன். நிற்கப்போகும் ஊஞ்சல் கடைசியாக ஆடுமே, அந்த அளவுக்குத் தலை முன்னும் பின்னும் போய்வந்துகொண்டிருந்தது. மணிக்கட்டில் நாடியைப் பிடித்தேன். நாடி ஒருமுறை அடிக்க, தலை ஒருமுறை அசைந்தது.

அதற்கு இரண்டு வருடம் முன்பிருந்தே மூச்சு வாங்கியது. மருதமலைப் படியில் பாதி வழியில் உட்காராமல் ஏற முடியவில்லை. வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத்துவமனையில் வாயு என்றார்கள். பிறகு ஃபவுண்டரிப் புகையால் வந்த அலர்ஜி என்று உறிஞ்சும் மருந்து கொடுத்தார்கள். முப்பது வருடம் மணலையும் புகையையும் சுவாசித்தவன் என்பதால் நானும் நம்பினேன். ஸ்டெதாஸ்கோப்பை முதுகில் வைத்துப் பார்த்தார்கள். நெஞ்சில் வைத்துப் பொறுமையாக யாரும் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

தலை ஆடிய அதே வாரம் மகன் வேறொரு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். பணியில் இருந்தவர் என் மகள் வயதுடைய ஒரு பெண் டாக்டர். என் கையை மேலே தூக்கி, முன்கையைத் தன் உள்ளங்கையால் சுற்றிப் பிடித்தார். பக்கத்தில் நின்ற மாணவரிடம், "வாட்டர் ஹேமர் பல்ஸ். நீங்களும் பிடிச்சுப் பாருங்க" என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"டாக்டரம்மா, அது எங்க தொழில் வார்த்தைங்க" என்றேன்.

கோவை கணபதியில் என் பட்டறை. மூன்று லேத், ஒரு துளைபோடும் இயந்திரம், நாலு பேர் வேலை. கிணற்றுப் பம்புகளுக்கு ஃபுட் வால்வும், டெலிவரி பைப்பில் மாட்டும் என்.ஆர்.வி.யும் செய்வதுதான் என் பிழைப்பு. போன தண்ணீர் திரும்பி வராமல் தடுப்பது அந்த வால்வின் ஒரே வேலை. மோட்டார் நின்றதும் மேலே ஏறிய தண்ணீர் கீழே விழப்பார்க்கும். வால்வு அந்தக் கணமே மூடிக்கொள்ள வேண்டும். தாமதித்தால் விழும் தண்ணீர் வேகம் பிடித்துச் சம்மட்டிபோல் அறையும். தோட்டத்துக்காரர்கள் "பைப்பு உதைக்குது" என்பார்கள், நாங்கள் வாட்டர் ஹேமர் என்போம்.

மருத்துவத்துக்கு இந்த வார்த்தை வந்த கதையை அன்றிரவே தேடிப் படித்தேன். பெருந்தமனி வால்வு ஒழுகினால் நாடி எப்படித் துள்ளி எழுந்து சட்டென்று விழுகிறது என்பதை 1832-ல் விரிவாக எழுதியவர் டப்ளின் மருத்துவர் டொமினிக் காரிகன். அதை ஒரு பொம்மையோடு ஒப்பிட்டவர் லண்டன் மருத்துவர் தாமஸ் வாட்சன். காற்றை முழுவதும் நீக்கிக் கொஞ்சம் தண்ணீரை மட்டும் விட்டு மூடிய கண்ணாடிக் குழாய் அது. கவிழ்த்தால் தண்ணீர் கல் விழுந்தமாதிரி அடியில் மோதும். அதற்கு வாட்டர் ஹேமர் என்று பெயர். என் தலையசைப்புக்கும் ஒரு பெயர் இருந்தது. பிரெஞ்சுக் கவிஞர் ஆல்ஃப்ரெட் த முஸ்ஸே நாடித்துடிப்புக்கு ஏற்பத் தலையசைப்பதை அவருடைய தாயும் அண்ணனும் 1842-ல் கவனித்தார்கள். கவிஞர் 1857-ல், 46 வயதில் இறந்தார். அந்த அசைவுக்கு மருத்துவர்கள் பின்னாளில் அவர் பெயரையே வைத்தார்கள். அவர் வீட்டிலும் பார்த்தது வீட்டு மனிதர்கள்தான் என்பது என்னை என்னவோ செய்தது.

மறுநாள் எக்கோ எடுத்தார்கள். குளிர்ந்த பசையைத் தடவி, சிறு கட்டை ஒன்றை விலா எலும்புகளுக்கு இடையே அழுத்தியதும், எங்கள் ஃபவுண்டரியில் பெரிய கேஸ்டிங்குகளுக்குச் செய்யும் அல்ட்ராசோனிக் சோதனை நினைவுக்கு வந்தது. வெளியே பார்த்தால் வார்ப்பு மொழுமொழுவென்று இருக்கும். உள்ளே ப்ளோ ஹோல் இருந்தால் ஒலி அங்கே மோதித் திரும்பிவந்து காட்டிக்கொடுத்துவிடும். என் நினைப்பு தற்செயலானது அல்ல. எக்கோ பிறந்ததே உலோகச் சோதனைக் கருவியிலிருந்துதான். ஸ்வீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற இதய மருத்துவரும் ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகத்தின் விரிசல் பார்க்க வைத்திருந்த கருவியை இரவல் வாங்கி மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். 1953 அக்டோபர் 29-ம் தேதி, துடிக்கும் இதயத்திலிருந்து திரும்பிய ஒலியை முதன்முதலாகப் பதிவுசெய்தார்கள்.

திரையில் டாக்டர் காட்டினார். பெருந்தமனி வாசலில் மூன்று இதழ்கள் இருக்க வேண்டும். மூடும்போது நடுவில் பென்ஸ் கார் சின்னம்போல் மூன்று கோடு தெரியும். எனக்கு இரண்டே இதழ். திறக்கும்போது மீன் வாய் மாதிரி பிளந்தது. மூடும்போது முழுதாக மூடவில்லை, போன ரத்தத்தில் பெரும்பங்கு திரும்ப வந்து விழுந்துகொண்டிருந்தது. வால்வுக்கு மேலே பெருந்தமனியின் ஏறு பகுதி 5.6 சென்டிமீட்டர். சாதாரணமாக மூன்று, மூன்றரைதான் இருக்கும். ஐந்தரையைத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது, ஆபரேஷன் செய்து வால்வையும் குழாயையும் மாற்ற வேண்டும் என்பது கணக்கு. சி.டி. ஸ்கேனும் அதையே சொன்னது.

"இது பிறவியிலேயே இருந்திருக்குங்க ஐயா. நூறு பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு இப்படி இருக்கும். குழாயோட சுவரும் கூடவே பலவீனமா இருக்கும். வலிக்காது, அதனால தெரியாது" என்றார்.

எனக்கு 54 வயது. கணக்குப் போட்டேன்: அந்த வால்வு ஏறக்குறைய இருநூறு கோடி முறை திறந்து மூடியிருக்கிறது. என் கையால் போன வால்வு ஒவ்வொன்றையும் தண்ணீர் நிரப்பி, அழுத்தம் ஏற்றி, முள் இறங்குகிறதா என்று பார்த்தே அனுப்பியிருக்கிறேன். என்னுடையதை ஒருமுறையும் சோதிக்கவில்லை.

அடுத்த ஒரு மாதம் பரிசோதனைகளுக்கு நடுவே இந்த வால்வின் வரலாற்றைத் தேடித் தேடிப் படித்தேன். பல்லுக்கு ஒன்று, சிறுநீருக்கு ஒன்று என்று ஆபரேஷனுக்கு முன் ஆயிரம் சோதனை. காத்திருக்கும் நாற்காலிகளில் படிக்க நேரம் நிறைய இருந்தது. என் உடம்புக்குள் போகப்போகும் ஒவ்வொரு பொருளும் எந்த ஊரில், யார் கையில், எத்தனை தடவை தோற்று உருவானது என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும் என்று தோன்றியது. ஒரு பாகத்தை மாட்டும் முன் அதன் பூர்வோத்தரம் விசாரிப்பது தொழில் பழக்கம். ஆபரேஷனுக்கு முன் அதை எழுதி வைத்துவிட வேண்டும் என்றும் தோன்றியது.

இந்த வால்வைத் தண்ணீர்க்காரன் கண்ணோடு முதலில் பார்த்தவர் லியனார்டோ டா வின்சி. 1513-ஐ ஒட்டிய காலத்தில் மாட்டின் இதயத்தை அறுத்துப் பார்த்து வரைந்தார். வால்வுக்கு மேல் பெருந்தமனி மூன்று பக்கமும் சற்றுப் புடைத்திருக்கிறது. பாய்ந்து போகும் ரத்தம் அந்தப் புடைப்புகளில் சுழன்று, அந்தச் சுழலே இதழ்களை மூடத் தொடங்குகிறது என்றார். அதைப் பார்க்கக் கண்ணாடியில் ஒரு பெருந்தமனி செய்து, தண்ணீரில் புல் விதைகளைத் தூவி ஓடவிட்டுப் பார்க்கத் திட்டமிட்டார். மூன்று இதழே ஏன், நான்கு ஏன் கூடாது என்று வடிவக் கணிதத்தால் யோசித்தார். அந்தத் தாள்கள் இன்று இங்கிலாந்தின் விண்ட்சர் அரண்மனையில் இருக்கின்றன. 1960-களின் இறுதியில் ஆக்ஸ்போர்டு பொறியாளர்கள் தொட்டியில் மாதிரி செய்து பார்த்தபோது அவர் சொன்ன சுழல் அப்படியே தெரிந்தது. வால்வைப் பற்றி யோசித்த யாரும் இதற்கு மேல் அழகாக யோசித்ததாக எனக்குத் தெரியவில்லை.

வீங்கிய தமனியின் கதை கொடியது. பம்புத் தொழிலில் ஒரு விதி உண்டு: அதே அழுத்தத்துக்குக் குழாயின் விட்டம் கூடினால் சுவர்த் தடிப்பும் கூட வேண்டும். வீங்கும் தமனியில் நேர்மாறாக நடக்கிறது. விட்டம் பெருகப் பெருகச் சுவர் மெலிகிறது, இழுவிசை கூடுகிறது, அதனால் இன்னும் வீங்குகிறது. இங்கிலாந்து மன்னர் இரண்டாம் ஜார்ஜ் 1760 அக்டோபர் 25 அன்று காலை கழிவறையில் விழுந்து இறந்தார். உடலை அறுத்துப் பார்த்த ஃபிராங்க் நிக்கல்ஸ் பெருந்தமனிச் சுவர் கிழிந்திருப்பதையும், இதயத்தைச் சுற்றிய பையில் ரத்தம் உறைந்து நிறைந்திருப்பதையும் எழுதிவைத்தார். 1817-ல் லண்டனில் ஆஸ்ட்லி கூப்பர் ஒரு சுமைதூக்கும் தொழிலாளியின் வயிற்றுப் பெருந்தமனியை நூலால் கட்டினார். அந்த மனிதர் சுமார் நாற்பது மணிநேரம் உயிரோடு இருந்தார்.

1948 டிசம்பரில் ஐன்ஸ்டைனின் வயிற்றுத் தமனி வீக்கத்தை நியூயார்க்கில் ருடால்ஃப் நிஸ்ஸன் திறந்து பார்த்தார். வெட்டி மாற்ற வழியில்லாத காலம். வீக்கத்தின்மேல் செல்லோஃபேன் தாளைச் சுற்றிவைத்தார். தாள் உறுத்தினால் உடம்பு அதைச் சுற்றித் தழும்பு கட்டும், தழும்பு சுவருக்கு முட்டுக்கொடுக்கும் என்ற கணக்கு. ஆறு வருடத்துக்கு மேல் தாங்கியது. 1955 ஏப்ரலில் அது உடைந்தபோது, மாற்றுக்குழாய் வைக்கும் சிகிச்சை வந்துவிட்டிருந்தது. ஆனாலும் ஐன்ஸ்டைன் ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லி, 18-ம் தேதி பிரின்ஸ்டனில் காலமானார்.

அந்த இடைப்பட்ட ஆறு வருடத்தில் வந்தது துணிக்குழாய். நூற்பாலை ஊர்க்காரனான எனக்கு இந்தக் கதை மிகப் பிடித்தது. நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியில் இருந்த ஆர்தர் வூர்ஹீஸ், ஒரு நாயின் இதயத்துக்குள் விட்டுப்போன பட்டு நூல்மேல் சில மாதத்தில் மினுமினுப்பான சவ்வு படர்ந்திருப்பதைப் பார்த்தார். நூல்மேல் படரும் என்றால் துணிமேலும் படரும் என்று யோசித்தார். முதலில் பட்டுக் கைக்குட்டையைக் குழாயாகத் தைத்துப் பார்த்தார், பிறகு பாராசூட்டுக்கு நெய்த வினியான் என்ற செயற்கைத் துணியை. 1952-ல் தன் முடிவுகளை வெளியிட்டார்.

ஹூஸ்டனில் மைக்கேல் டிபேக்கி அதே யோசனையோடு ஒரு பெரிய ஜவுளிக்கடைக்குப் போய் நைலான் கேட்டார். நைலான் தீர்ந்துவிட்டது, புதிதாக வந்த டாக்ரான் இருக்கிறது என்றார்கள். கொஞ்சம் வாங்கிப்போய் வீட்டுத் தையல் மிஷினில் தானே குழாயாகத் தைத்தார். லெபனானிலிருந்து வந்து குடியேறிய அவர் தாய் சிறுவயதிலேயே அவருக்குத் தையல் கற்றுக்கொடுத்திருந்தார். நைலான் உடம்புக்குள் நாளடைவில் வலுவிழப்பது பின்னாளில் தெரியவந்தது. கடையில் நைலான் இல்லாமல் போனது நல்லதாயிற்று. டாக்ரான் என்பது பாலியெஸ்டர். 1941-ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்டுபிடித்து, டெரிலின் என்ற பெயரில் நம் ஊருக்கு வந்த அதே சாமான். என் அப்பா கல்யாணத்துக்குத் தைத்த டெரிலின் சட்டை அவர் போன பிறகும் நைந்துபோகாமல் பெட்டியில் இருந்தது. அந்தத் துணி என் நெஞ்சுக்குள் இருக்கப்போகிறது என்று மனைவியிடம் சொன்னேன். "அப்படின்னா நீடிச்சு வருமுங்க" என்றாள்.

துணி இருந்தாலும், ஏறு தமனியை மாற்ற இதயத்தை நிறுத்த வேண்டும். அதற்கு வேலைசெய்யும் வேறொரு பம்பு வேண்டும். 1953 மே 6 அன்று ஃபிலடெல்ஃபியாவில் ஜான் கிப்பன், இருபது வருட உழைப்புக்குப் பின் உருவான இதய நுரையீரல் இயந்திரத்தை ஓட்டி ஒரு 18 வயதுப் பெண்ணின் இதயத்துளையை மூடினார். ரத்தத்தை எந்தப் பம்பால் தள்ளுவது? இம்பெல்லர் அடித்தால் அணுக்கள் நசுங்கும். வளையும் குழாயை வெளியிலிருந்து உருளைகள் அழுத்திக்கொண்டே சுற்றும் பம்பு அது. ரத்தம் எந்த இரும்பையும் தொடாது. அந்த உருளைப் பம்பை 1930-களில், மாணவராக இருந்தபோது ரத்தம் ஏற்றுவதற்காகச் சீர்செய்து வைத்தவரும் டிபேக்கிதான். 1956-ல் அவரும் டென்டன் கூலியும் இந்த இயந்திரத்தின் துணையோடு ஏறு தமனியைத் துண்டித்து மாற்றினார்கள். நம் பக்கத்தில் 1960-களின் தொடக்கத்திலேயே வேலூர் சி.எம்.சி.யில் இந்த இயந்திரம் வைத்து இதயத்தைத் திறந்து ஆபரேஷன் செய்யத் தொடங்கிவிட்டார்கள்.

இனி வால்வு. இதயத்தை நிறுத்த வழி இல்லாதபோதே ஒருவர் துணிந்தார். 1952 செப்டம்பரில் வாஷிங்டனில் சார்லஸ் ஹஃப்னகல் பிளாஸ்டிக் கூண்டுக்குள் ஒரு பந்தைப் போட்டு, அதை இதய வாசலில் வைக்க முடியாமல் கீழிறங்கும் தமனியில் செருகினார். வாசல் ஒழுகிக்கொண்டேதான் இருக்கும், பாதி வழியில் ஒரு தடுப்பு, அவ்வளவுதான். பந்து மோதும் சத்தம் பக்கத்தில் நிற்பவர்களுக்குக் கேட்டது. 1960 மார்ச் 10 அன்று பாஸ்டனில் டுவைட் ஹார்கன் பந்து வால்வைச் சரியான இடத்திலேயே, பெருந்தமனி வாசலில் வைத்தார்.

ஆனால் என் மனம் தங்கியது போர்ட்லாந்தில். லோவல் எட்வர்ட்ஸ் ஒரு ஓய்வுபெற்ற ஹைட்ராலிக் பொறியாளர். இரண்டாம் உலகப்போர் விமானங்களுக்கு உயரத்தில் எரிபொருள் தடையில்லாமல் போகும்படி பம்பு செய்துகொடுத்து அதில் சம்பாதித்தவர். சிறுவயதில் ருமாட்டிக் காய்ச்சல் வந்தவர். மூட்டில் தொடங்கி இதய வால்வைக் கெடுக்கும் அந்தக் காய்ச்சலால் நம் ஊர்க் குழந்தைகள் வெகுகாலம் அவதிப்பட்டிருக்கிறார்கள். 1958-ல், அறுபது வயதில், ஒரேகான் மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஆல்பர்ட் ஸ்டார் என்ற 32 வயது மருத்துவரிடம், செயற்கை இதயம் செய்வோம் வாருங்கள் என்றார். ஸ்டார், முதலில் ஒரு வால்வு செய்வோம் என்றார். முழுப் பம்பையும் விட்டுவிட்டு முதலில் வால்வைச் சரிசெய் என்று சொன்ன அந்த இளைஞரை எங்கள் பட்டறையில் யாரும் உடனே ஒத்துக்கொள்வார்கள்.

இதழ்போல் செய்த வால்வுகளில் ரத்தம் உறைந்து நாய்கள் இறந்தன. பிறகு பந்தும் கூண்டும். பந்து சிலிக்கோன் ரப்பர். கூண்டு முதலில் பிளாஸ்டிக், பிறகு ஸ்டெல்லைட் என்ற கடினக் கலப்பு உலோகம். பந்து வால்வு எங்கள் தொழிலில் பழைய சங்கதி. எதில் மாட்டினாலும் தானாக உட்காரும், எந்தப் பக்கம் தேய்ந்தாலும் உருண்டு மறுபக்கம் காட்டும். எட்வர்ட்ஸ் செய்துகொண்டுவருவார், ஸ்டார் வைத்துப்பார்ப்பார், தோற்கும், மறுபடி செய்வார். இரண்டே வருடத்தில் மனித உடம்புக்கு வந்துவிட்டார்கள்.

1960 ஆகஸ்ட் 25 அன்று முதல் நோயாளி, ஒரு இளம்பெண். ஆபரேஷன் நன்றாக முடிந்தது. கண் விழித்தார். சுமார் பத்து மணிநேரத்தில் இறந்துபோனார். இதயத்துக்குள் சிக்கியிருந்த காற்று மூளைக்குப் போய்விட்டது. ஏர் லாக். காற்றை வெளியேற்றாமல் பம்பை ஓட்டாதே என்று என்னிடம் வேலைக்கு வரும் பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பேன். இன்று மார்பை மூடும் முன் காற்றை ஒரு குமிழ் விடாமல் வெளியேற்றுகிறார்கள், எக்கோ வைத்துச் சரிபார்க்கிறார்கள். அந்தப் பெண்ணை நினைக்காமல் என்னால் இந்த இடத்தைத் தாண்டிப் படிக்க முடியவில்லை. நாலு வாரம் கழித்து, செப்டம்பர் 21 அன்று, லாரிகளை அனுப்பிவைக்கும் வேலையில் இருந்த 52 வயதுக்காரர் ஒருவருக்கு வைத்தார்கள். அவர் பத்து வருடம் வாழ்ந்தார். வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து இறந்தார். நெஞ்சில் இருந்த வால்வு அதுவரை வேலைசெய்தது.

இரண்டும் சேர்ந்த என் நோய்க்கு மருந்து கண்டவர் லண்டன் ஹாமர்ஸ்மித் மருத்துவமனையின் ஹியூ பெண்டால். வால்வும் கெட்டு, அதன் மேல் தமனியும் வீங்கியிருந்தால் இரண்டையும் தனித்தனியாக மாற்றுவதில் சிக்கல் உண்டு. நடுவில் மிஞ்சும் மெலிந்த சுவரில் தையல் நிற்காது. பெண்டால் துணிக்குழாயின் முனையில் வால்வைத் தைத்து இரண்டையும் ஒரே பாகமாக்கினார். அதை இதய வாசலில் பொருத்தி, இதயத்துக்கே ரத்தம் கொடுக்கும் இரண்டு தமனிகளின் வாயையும் குழாயில் துளையிட்டுச் சேர்த்தார். 1966-ல் செய்ததைத் தன்னோடு வேலைசெய்த டி போனோவுடன் சேர்ந்து 1968-ல் இரண்டு பக்கத்துக்குள் எழுதிவிட்டார். எனக்கு நடக்கப்போவதற்கு இன்றும் பெண்டால் ஆபரேஷன் என்றுதான் பெயர். என் ஃபைலின் மேல் மூலையில் அந்தப் பெயர் கையால் எழுதப்பட்டிருக்கிறது.

வால்வு எது என்று நான்தான் சொல்ல வேண்டும் என்றார் அறுவை மருத்துவர். பன்றி அல்லது மாட்டின் திசுவில் செய்தது என்றால் ரத்தம் உறையாமலிருக்க ஆயுள் முழுக்க மாத்திரை வேண்டாம், ஆனால் என் வயதுக்குப் பதினைந்து வருடத்தைத் தாண்டி உழைப்பது நிச்சயமில்லை, இன்னொரு தடவை நெஞ்சைத் திறக்க நேரலாம். உலோகம் என்றால் நீடிக்கும், ஆனால் வார்ஃபரின் என்ற அந்த மாத்திரையை விடக்கூடாது. அந்த வார்ஃபரினுக்கும் ஒரு தோட்டத்துக்காரன் கதை உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சினில் கெட்டுப்போன தீவனத்தைத் தின்ற மாடுகள் ரத்தம் நிற்காமல் செத்தன. 1933-ல் ஒரு விவசாயி பனிப்புயலுக்கு நடுவே, செத்த கன்றையும் பால் கேனில் உறையாத ரத்தத்தையும் ஏற்றிக்கொண்டு கார்ல் லிங்க் என்ற வேதியியலாளரின் ஆய்வகத்துக்கு வந்து சேர்ந்தார். அந்தத் தீவனத்தில் இருந்த நச்சைப் பிரித்தெடுத்த வழியில் வார்ஃபரின் வந்தது. முதலில் எலி மருந்து, 1954 முதல் மனித மருந்து. மாதாமாதம் ரத்தம் பார்க்க வேண்டும். கீரையை ஒருநாள் நிறைய, ஒருநாள் இல்லாமல் என்று சாப்பிடக் கூடாது, அளவு மாறாமல் இருக்க வேண்டும். மனைவி அதைக் காலண்டரில் குறித்துவைத்துவிட்டாள்.

உலோகம் என்று முடிவு செய்தபோது மருத்துவர் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மாதிரி வால்வை எடுத்து என் கையில் வைத்தார். சித்ரா வால்வு. கட்டைவிரலால் தட்டைத் தள்ளிப் பார்த்தேன். சாய்ந்து திறந்தது, விட்டதும் உட்கார்ந்தது. இதன் கதையை எங்கள் தொழில்காரர்கள் எல்லோருக்கும் சொல்ல வேண்டும்.

வால்வுகளை வெளிநாட்டிலிருந்து வாங்க வசதியில்லாமல் ருமாட்டிக் நோயாளிகள் ஆயிரக்கணக்கில் காத்திருந்த காலத்தில், திருவனந்தபுரத்தில் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தை வளர்த்த அறுவை மருத்துவர் எம்.எஸ். வலியத்தான், இங்கேயே செய்வோம் என்று தொடங்கினார். பொறியாளர் ஜி.எஸ். புவனேஸ்வர் அவரோடு நின்றார். முதல் மாதிரியில் வெல்டிங் வைத்த இடம் விட்டுப்போனது. இரண்டாவதில் நீலக்கல் படிகத்தில் தட்டு செய்தார்கள். தட்டு தேயவில்லை, அதைத் தாங்கிய டைட்டானியம் தேய்ந்தது. மூன்றாவதில் சட்டத்தைக் கடினமான கோபால்ட் கலப்பு உலோகத்துக்கு மாற்றினார்கள். செம்மறியாட்டுக்கு வைத்துப் பார்த்ததில் நீலக்கல் தட்டே உடைந்தது. ஆடு செத்தது. பல வருட உழைப்பு அதோடு போனது என்று மூடிவிட்டுப் போயிருக்கலாம். நான்காவதாக, கோபால்ட் உலோகத்தை வெல்டிங்கே இல்லாமல் ஒரே துண்டாகக் கடைந்து சட்டமாக்கி, இடுப்பு மூட்டு மாற்றுக்குப் பயன்படும் மிகக் கெட்டியான பாலிஎத்திலீனில் தட்டு செய்தார்கள். சுற்றிலும் தையலுக்குப் பாலியெஸ்டர் வளையம்.

கடினத்துக்குக் கடினம் உரச விடாதே, ஒன்று கடினமாக இருந்தால் மற்றொன்று சற்று விட்டுக்கொடுக்கட்டும். கன்மெட்டல் புஷ்ஷும் ஸ்டீல் ஷாஃப்ட்டும் சேர்ந்து ஓடுவது அந்த நியாயத்தில்தான். மூன்று தோல்விக்குப் பிறகு அவர்கள் வந்துசேர்ந்த இடம் அது. 1990 டிசம்பர் 6 அன்று முதல் நோயாளிக்கு வைத்தார்கள். 1990-களின் நடுவில் டி.டி.கே. நிறுவனம் தயாரிப்பை ஏற்றது. இதுவரை ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் நெஞ்சில் இருக்கிறது. வலியத்தான் 2024 ஜூலையில் காலமானார்.

"சத்தம் கேக்குமுங்களா?" என்று கேட்டேன்.

"பிளாஸ்டிக் தட்டு, மத்ததைவிடக் குறைவுதான் ஐயா. ராத்திரி அமைதியா இருக்கும்போது கேக்கலாம்" என்றார். "குழாயையும் வால்வையும் நானே டேபிள்ல சேர்த்துத் தைச்சுக்குவேன்."

பெண்டால் செய்தது போலவே. அந்த ஒரு வார்த்தை எனக்குப் பெரிய தைரியம் கொடுத்தது. வெளியே வந்தபோது டிபேக்கியின் முடிவை மகனுக்குச் சொன்னேன். 2005 டிசம்பர் 31 அன்று, 97 வயதில், அவருக்கே பெருந்தமனிச் சுவர் கிழிந்தது. வலி வந்த உடனே அது என்ன என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 2006 பிப்ரவரியில் அவர் வகுத்த முறைப்படியே, டாக்ரான் குழாய் வைத்து, ஹூஸ்டனில் அவரிடம் பயின்றவர்கள் அவரைத் திறந்தார்கள். நூறு வயதுக்கு இரண்டு மாதம் குறைவாக, 2008 ஜூலை வரை இருந்தார்.

நோய் குடும்பத்தில் வரக்கூடியது என்று சொன்னதால் போன வாரம் மகனுக்கும் மகளுக்கும் எக்கோ எடுத்தோம். மகள் முறை முதலில். நான் திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. மூன்று கோடு. பிறகு மகன். கட்டை நகர்ந்தது, படம் கலங்கியது, மறுபடி தெளிந்தது. பென்ஸ் சின்னம். பின்னால் நின்ற மனைவி என் தோளைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அந்தச் சின்னம் என்னவென்று நான்தான் காகிதத்தில் வரைந்து காட்டியிருந்தேன்.

வருகிற புதன்கிழமை காலை ஆறு மணிக்கு என்னைக் கொண்டுபோகிறார்கள். பட்டறைச் சாவியை அங்கே வேலை செய்யும் மூத்த பையனிடம் கொடுத்துவிட்டேன். பொள்ளாச்சி ஆர்டர் நாற்பது வால்வு பாக்கி இருக்கிறது. ஒவ்வொன்றையும் தண்ணீர் அழுத்தத்தில் பத்து நிமிடம் வைத்துப் பார்த்து அனுப்பச் சொன்னேன். "அஞ்சு நிமிஷம் போதுமுங்கண்ணா, எப்பவும் அப்படித்தான பண்றோம்" என்றான். பத்து நிமிடமே வை என்றேன்.